வெள்ளத்தில் உதவுவோரும் சட்டமும்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் எளிதில் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறக்குறைய 800 பிரயாணிகளுடன் ரயில் நின்றுவிட்டது. அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தம் வீட்டு அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சோறு சமைத்து அளித்தனர். மீனவர்கள் படகுகளுடன் வந்து நீர் சூழ்ந்த தெருக்களிலிருந்து மக்களை மீட்டனர். இவர்களில் எவரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர்.

ஆயினும் அச்சம் இல்லாமலில்லை. நான் பணிபுரிந்த ஓர் ஒன்றியத்தில், ஒரு மழை இரவில், தாழ்வான தெருவிலிருந்த குடும்பங்களை ஏற்றி வர டிராக்டர் வேண்டுமென்று ஒரு விவசாயியிடம் கேட்டோம். "ஐயா, டிரெய்லர் சாய்ந்து எவருக்கேனும் ஏதேனும் நேர்ந்தால் வழக்கு என் தலையில்தானே விழும்?" என்றார் அவர். நியாயமான கேள்வி. அன்று அதற்குத் தெளிவான விடை என்னிடம் இல்லை. பேச்சிலேயே அரை மணி நேரம் கழிந்தது. அதற்குள் முழங்காலளவு இருந்த நீர் இடுப்பளவாயிற்று. பின்னர் அவர் வந்தார், அனைவரும் கரையேறினர். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் குற்றவியல் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 30ஆம் பிரிவு, முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக இருந்ததாகும். சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையிலுள்ள ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலால் தீங்கு நேரினும் அது குற்றமாகாது என்பது அதன் சாரம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தீப்பற்றிய வீட்டின் மேல் ஒருவன் ஒரு குழந்தையுடன் அகப்பட்டுக்கொள்கிறான். கீழே மக்கள் கம்பளியை விரித்துப் பிடிக்கின்றனர். குழந்தையைக் காக்கும் எண்ணத்துடன் அவன் அதைக் கீழே போடுகிறான். குழந்தை இறந்துவிட்டாலும் அவன் குற்றவாளி அல்லன்.

19ஆம் பிரிவு, பெரிய தீங்கைத் தடுப்பதற்காகச் செய்யும் செயலைப் பற்றியது. தீ பரவாமலிருக்க இடையிலுள்ள வீடுகளை இடிப்பது அதன் உதாரணம். வெள்ளத்தில் அகப்பட்டோரை மீட்பதற்காகப் பூட்டிய கதவை உடைப்பவரும் இதனை எடுத்துக் கூறலாம்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது 'நல்லெண்ணம்' என்ற சொல். மனத்தில் இரக்கம் இருந்தால் மட்டும் போதாது. தக்க கவனமின்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது எனச் சட்டம் வரையறுக்கிறது. எட்டுப் பேருக்கான படகில் இருபது பேரை ஏற்றியவரும், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியவரும் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. தன் வயலைக் காக்க இரவோடிரவாகக் கண்மாய்க் கரையை வெட்டி அடுத்த ஊரை மூழ்கடிப்பவர் அதை உதவி என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. சுயநினைவுடன் இருப்பவரிடம் சம்மதம் கேட்டே தூக்க வேண்டும்.

இனி நஷ்டஈட்டு வழக்கு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 73ஆம் பிரிவில், அரசு, மாவட்ட ஆணையம், உள்ளாட்சி ஆகியவற்றுக்கும் அவற்றின் ஊழியர்களுக்கும் மட்டுமன்றி, அவற்றின் சார்பாகப் பணிபுரியும் எவருக்கும், அச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்த பணிக்காக உரிமையியல், குற்றவியல் வழக்கு இரண்டிலிருந்தும் பாதுகாப்பு அளிக்கிறது. 'சார்பாக' என்ற சொல்லில்தான் ஊராட்சி உறுப்பினர்களின் வேலை இருக்கிறது. தாமாகவே இறங்கி உதவியவர், தாம் யார் சார்பில் இறங்கினோம் என்று பிற்பாடு மெய்ப்பிப்பது கடினம். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே நீச்சல் அறிந்தோர், படகு, டிராக்டர் உடையோர் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, தீர்மானத்தில் பதிந்து, வட்டாட்சியர் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பிவைத்தல் நலம்.

வண்டியை மாவட்ட ஆணையமோ அதன் அதிகாரம் பெற்ற அலுவலரோ மீட்புப் பணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமாயின், 65ஆம் பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு தேவை. 66ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை உண்டு. தொகை போதாதெனக் கருதினால் 30 நாட்களுக்குள் நடுவரிடம் அனுப்புமாறு விண்ணப்பிக்கலாம். உத்தரவுத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். விவசாய டிராக்டருக்கான காப்பீடு, டிரெய்லரில் ஏற்றும் ஆட்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. சட்டப் பாதுகாப்பு வேறு, காப்பீடு வேறு.

சாலை விபத்தில் உதவுவோர்க்குத் தனி விதி உள்ளது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு அவர்களைக் காக்கிறது. பெயர், முகவரி கூறுமாறு காவலர் கட்டாயப்படுத்தலாகாது. ஆனால் அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே உரியது. வெள்ளத்துக்கும் புயலுக்கும் அதைக் காட்டிப் பயனில்லை.

முன்னர்க் கூறிய விவசாயியின் பெயர் அவ்வூராட்சிப் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்றது. பதிவு செய்ய வந்த அன்று, டிரெய்லருக்குப் பக்கப் பலகைகளைப் புதிதாக அடித்து, பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டியிருப்பதாக அவரே கூறினார்.