தேய்ந்த டயரும் தேர்ந்த டயரும்

மோட்டார் வண்டியின் எந்திரம் எத்துணை வலியதாயினும், பிரேக்கு எத்துணைச் சிறந்ததாயினும், அவற்றின் ஆற்றலெல்லாம் சாலையைச் சென்று சேர்வது ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவு தரையைத் தொட்டுநிற்கும் ரப்பரின் வாயிலாகவே. அச்சிறு இடம் பழுதுபடின் ஏனைய உறுப்புக்கள் நலமாயிருந்தும் பயனில்லை. அங்ஙனமிருந்தும், டயர் தேய்ந்தால் புதியது வாங்குவதன்றி, அது ஏன் தேய்ந்தது என வினவுவார் நம்முட் சிலரே. யாமும் அவ்வாறே இருந்தோம். வரிச்சிக்குடியில் ஒருநாள் அப்பிழை எமக்கு உணர்த்தப்பட்டது. அன்று கற்றதை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

எம் குழுவினர்க்கு ஒரு பெரிய வேன் உண்டு. அதனுட் கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்திருத்தலால், ஊரூராய்த் தங்கிச் செல்லும் வீட்டுவண்டியாக அது பயன்படுகின்றது. சென்ற கோடையில், 1620ஆம் ஆண்டில் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டையைக் கண்டுவிட்டு, பொறையாறு கடந்து காரைக்கால் நோக்கித் தெற்கே வந்துகொண்டிருந்தோம். வண்டி இடப்பக்கமாக இழுத்தது. பின்புறம் ஊஞ்சல்போல் அசைந்தது. வரிச்சிக்குடியில் சாலையோரத்துப் பஞ்சர் கடை ஒன்றன் முன் நிறுத்தினோம். நான்கு டயர்களையும் உடனே மாற்றிவிடல் வேண்டும் என்பது எம் எண்ணம்.

கடைக்குரிய பெரியவர் நாற்புறமும் சுற்றிவந்து, ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “தம்பி, புதியதைப் போட்டால் இந்த வண்டி புதியதையும் தின்றுவிடும். முதலில் இது எதனால் தின்கிறது என்று பாருங்கள்” என்றார். விற்றுப் பொருள் ஈட்ட வேண்டியவரே வாங்காதீர் என்றமை எமக்கு வியப்பளித்தது.

அவர் காட்டிய குறிகள் இவை. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. நடு நன்றாயிருக்க இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு, அல்லது சுமை மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரம் நேராக நில்லாது சாய்ந்தோ திரும்பியோ ஓடுகின்றது என்பது பொருள். ஒருபுறமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்புறமாகத் தடவும்போது அரத்தின் பல்போல் கையில் தைப்பதாகவும் இருப்பின், முன்சக்கரங்கள் ஒன்றற்கொன்று இணையாக ஓடவில்லை. அதற்கு அலைன்மென்ட் பார்த்தல் வேண்டும். சுற்றுமுழுதும் இடையிடையே குழிவிழுந்திருப்பின் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருத்தல் கூடும். சக்கரத்தின் எடை ஒத்தமையாமையும் காரணமாகலாம். ஓரிடத்தில் மட்டும் தட்டையாயிருப்பின், கடும் பிரேக்கினால் சக்கரம் சுழலாது இழுபட்டது எனக் கொள்ளலாம்.

எம் வண்டியின் முன் இடச் சக்கரத்தில் உள்ளோரம் அரம்போல் தேய்ந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இக்கடற்கரைச் சாலையின் பள்ளங்களை நீர் மூடிவிடும். அவற்றுள் ஒன்றில் மோதிய நாள் முதல் சக்கரம் நெறி பிறழ்ந்திருத்தல் வேண்டும் என ஊகித்தோம். பின் வலச் சக்கரத்திலோ இரு ஓரங்களும் தேய்ந்து, பக்கச் சுவரிலே மெல்லிய வெடிப்புக்களும் தோன்றியிருந்தன. முன்னும் பின்னும் ஒரே அளவாகச் சதுர அங்குலத்துக்கு 45 ராத்தல் காற்றே அடைத்து வந்தோம். கதவோரத்து ஒட்டுச்சீட்டோ பின்சக்கரத்துக்கு 65 ராத்தல் வேண்டும் என்றது.

இதிலுள்ள இடர் யாது? வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பரன்று. உள்ளே அடைபட்ட காற்றே. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கின்றது. மடங்குந்தோறும் வெப்பம் பிறக்கின்றது. வெப்பம் மிகமிக ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் உள்ள பிணைப்புத் தளர்ந்து, முடிவில் டயர் வெடிக்கின்றது. பெருவழியில் விரைந்து செல்லுங்கால் பின் டயர் வெடிப்பின் உயரமான வண்டி கவிழ்தலும் கூடும். எம் வண்டியில் அன்று உறங்கிக்கொண்டிருந்த மாணவர் ஒன்பதின்மர். அவ்வெண்ணம் இன்றும் எம்மைத் திடுக்கிடச் செய்கின்றது.

மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் ஓர் அளவு உண்டென வள்ளுவர் அன்றே எச்சரித்தார். ஏற்றியது எவ்வளவு என அறியாதார் அவ்வெச்சரிக்கையைக் கைக்கொள்ளுதல் எங்ஙனம்? ஆகவே பெரியவர் சொற்படி, குறைந்த காற்றை நிரப்பிக்கொண்டு, மெல்ல ஓட்டி எடைமேடைக்குச் சென்றோம். ஆளும் பொருளும் நீரும் நிறைந்தவாறே முன் அச்சைத் தனியாகவும், பின் அச்சைத் தனியாகவும், பின்னர் இட வலப் பக்கங்களைத் தனித்தனியாகவும் நிறுத்தோம். முன் அச்சில் 1,540 கிலோகிராம்; பின் அச்சில் 2,360. பின் அச்சிலும் இடச் சக்கரம் 1,120, வலச் சக்கரம் 1,240 எனத் தாங்கின. பின் அச்சுக்கு வண்டி செய்தோர் விதித்த எல்லையோ 2,300. குற்றவாளி யாரெனில், வலப்பக்கத்தில் அச்சுக்கும் பின்னே தொங்கிய 200 லிட்டர் நீர்த்தொட்டி. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் என்பது பள்ளியிற் கற்றதே. வண்டியில் தொட்டி வைத்தபோது அது எமக்கு நினைவில்லை.

இனி, டயர் தேரும் முறை. பக்கச் சுவரில் 215/75 ஆர் 16 சி 113/111 என்றாற்போல் எழுதப்பட்டிருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. 16 என்பது அங்குலத்தில் இரும்பு வளையத்தின் குறுக்களவு. சி என்பது சுமை வண்டிக்குரியது என்னும் குறி. ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 1954 நவம்பர் முதல் நாள் வரை காரைக்காலை நிருவகித்த பிரெஞ்சுக்காரரின் நாட்டிலேயே, 1946இல் மிஷ்லேன் நிறுவனத்தார் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரினர்.

இறுதியிலுள்ள எண்களே நமக்கு உயிர்நிலை. 113 என்பது தனிச் சக்கரமாயின் 1,150 கிலோகிராம் தாங்கும் என்பதன் குறி. 111 என்பது இரட்டைச் சக்கரமாயின் ஒவ்வொன்றும் 1,090 தாங்கும் என்பதன் குறி. எம் பின் வலச் சக்கரம் 1,240 சுமந்தது. டயரின் உச்ச வன்மையையே 90 கிலோகிராம் மீறினோம். அதிலும் காற்றைக் குறைத்து வைத்திருந்தோம்! அதே அளவில் 116/114 எனக் குறித்த டயர் 1,250 தாங்கும். அதை வாங்கினாற் போதாதோ எனின், போதாது. டயரின் வன்மை கூடினும் அச்சின் எல்லை கூடாது. ஆதலின் தொட்டியை இரு அச்சுக்களுக்கும் இடையே மாற்றி, பாதி நீரே நிரப்புவதென உறுதிசெய்தோம். வேண்டாத பொருளில் 40 கிலோகிராம் இறக்கினோம். மீண்டும் நிறுத்தபோது பின் அச்சு 2,190. இடம் 1,080, வலம் 1,110. அதன் பின்னரே, பாதுகாப்புக்கு இடம் விட்டு, 116/114 குறியுள்ள டயர்களை வாங்கினோம். மேலைநாடுகளில் வீட்டுவண்டிக்கென்றே சி.பி. என்னும் குறியோடு டயர் செய்கின்றனர். எதை வாங்கினும், அதன் காற்றழுத்தத்தை இரும்பு வளையமும் வால்வும் தாங்குமோ என அறிதல் வேண்டும். டயர் செய்தோர் வெளியிடும் சுமை அழுத்த அட்டவணைப்படி காற்று அடைத்தல் வேண்டும்.

வாங்குவோர் நோக்கத்தக்கது மற்றொன்று டயரின் வயது. வீட்டுவண்டி ஆண்டின் பெரும்பகுதி நின்றே கிடப்பது. வரிப்பள்ளம் புதியதுபோல் இருக்க, வெயிலாலும் காலத்தாலும் ரப்பர் உள்ளே முதுமையடையும். பக்கச் சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணைக் காண்க: 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ஐந்தாண்டு கழிந்தபின் ஆண்டுதோறும் தக்காரிடம் காட்டுக. பத்தாண்டு கழிந்ததை எத்துணைப் புதியதாய்த் தோன்றினும் நீக்குக என்பது டயர் செய்வோர் பலர் கூறும் நெறி. வரிப்பள்ளத்தினுள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அவற்றை எட்டுமுன் மாற்றுதல் நன்று. மழைநீரை வெளியேற்றுவன அப்பள்ளங்களே.

மாதம் ஒருமுறையேனும், நெடும்பயணத்துக்கு முன் தவறாதும், வண்டி ஓடிச் சூடேறுமுன் கேஜ் வைத்துக் காற்றைப் பார்த்தல் வேண்டும். சூடான டயரில் அழுத்தம் மிகுந்து காட்டுவது இயல்பு. அதுகண்டு காற்றை இறக்குதல் பெரும்பிழை.

விடைபெறும்போது, பெரியவர் பார்வைக்குக் கூலி யாது என வினவினோம். காற்றடைத்ததற்கு மட்டும் பெற்றுக்கொண்டார். அடுத்த பயணத்தில் அவ்வழியே சென்று, புதிய டயர்களை அவர் கையாலேயே தடவிப் பார்க்கச் செய்தோம். “இப்போது ஒழுங்காய்த் தேய்கிறது, தம்பி” என்றார். தேயாத டயர் உலகில் இல்லை. ஒழுங்காய்த் தேய்வதே அதன் நலம். நம் கல்லூரி அன்பர்களும் அடுத்த பயணம் புறப்படுமுன் ஒருமுறை குனிந்து, தத்தம் வண்டியின் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாராக.