இரவில் அலறுவது எந்த ஆந்தை?

இரவில் வீட்டருகே ஆந்தை அலறினால், “சாக்குருவி கத்துகிறது, சாவு விழும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சத்தை ஒதுக்கிவிட்டுச் சற்றே செவிசாய்த்துக் கேளுங்கள். தன் எல்லையை மற்ற ஆந்தைகளுக்கு அறிவிக்கவும், துணையை அழைக்கவுமே ஆந்தை குரல் கொடுக்கிறது. இனத்துக்கு இனம் அக்குரல் வேறுபடும். ஆகவே, இருட்டில் பறவையைக் காணாமலே அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.

அந்தி மயங்கும் நேரத்தில் இரண்டு மூன்று பறவைகள் சேர்ந்து ‘சிர்ர்... சிர்ர்... சீவக், சீவக்’ என்று சண்டையிடுவதுபோல் இரைகின்றனவா? அவை மரப்பொந்துகளில் வாழும் புள்ளி ஆந்தைகள். ‘ஊ...உக், ஊ...உக்’ என்று ஒரே சீராகப் பலமுறை ஒலித்தால் அது வேட்டைக்கார ஆந்தை. பாறைக் குன்றுகளின் பக்கமிருந்து ‘பூ...போ’ என்று கனத்த குரல் வந்தால் அது கொம்பன் ஆந்தை. தாழ்ந்த சுருதியாதலால் அவ்வொலி நெடுந்தொலைவு கேட்கும்.

கூகையோ இப்படிக் கூவுவதே இல்லை. நீண்ட, கரகரத்த அலறலே அதன் குரல். கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் அது குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் இரை கேட்டுக் குறட்டை விடுவதுபோல் சீறும். நம்மை மிகவும் நடுங்கவைக்கும் இப்பறவையின் முதன்மையான உணவு எலிகளே!

இன்றிரவே ஒரு குறிப்பேட்டில் நேரம், இடம், ஒலியின் இடைவெளி ஆகியவற்றை எழுதத் தொடங்குங்கள். சில வாரங்களில் உங்கள் ஊர் ஆந்தைகளைக் குரலாலேயே அறிவீர்கள். கூகையை விரட்டக் கல்லெடுப்பவரிடம், அது வயல் எலிகளைத் தின்னும் பறவை என்று எடுத்துச் சொல்லவும் உங்களால் இயலும்.