ஓரெழுத்தில் நனையும் மிளகு

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மிளகு வியாபாரி ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'ஃபியூ பேக்ஸ் வேர் வெட்' என்று எழுதினால், நனைந்த மூட்டை அநேகமாக இல்லை என்று பொருள். முன்னால் ஓர் 'எ' சேர்த்து 'எ ஃபியூ' என்றாலோ, சில மூட்டைகள் நனைந்தே விட்டன. நஷ்ட ஈடு கேட்பவருக்கு அந்த ஓரெழுத்து போதும்.

பள்ளியில் இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பார்கள். உண்மைக் காரணம் வேறு. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் புழங்கும் ஊர் இது. இந்த நான்கிலும் 'தி'க்கு இணையான தனிச்சொல் கிடையாது. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தின் ஹீப்ருவிலும், மசூதிகளில் ஓதப்படும் அரபியிலும் 'தி' உண்டு. 'எ' என்ற தனிச்சொல் அவற்றிலும் இல்லை. வீட்டில் இல்லாத பொருளைத் தொலைத்துவிட்டதாகப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

மற்ற பிழைகளிலும் தாய்மொழி எட்டிப் பார்க்கிறது. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் ஒட்டிக்கொண்டிருப்பது 'பற்றி' (டிஸ்கஸ் என்றாலே பற்றிப் பேசுவதுதான், அபௌட் வேண்டாம்). 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பதில் வருவது 'நேற்றுதான்' என்பதில் உள்ள 'தான்'. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' கொஞ்சம் சிக்கலானது. தினமும் படிப்பதற்கும் இந்த நிமிடம் படிப்பதற்கும் தமிழில் 'படிக்கிறேன்' ஒன்றே போதும். ஆங்கிலம் இரண்டு வடிவம் கேட்கிறது. புதிதாகக் கற்ற 'இங்' எல்லா வினையிலும் ஏறிக்கொள்கிறது. உறவையோ உடைமையையோ சொல்லும் 'ஹேவ்' அதை ஏற்பதில்லை.

இந்தியர்களின் இத்தகைய ஆங்கிலப் பிழைகளை ஆராய்ந்து ஜி.சி. விட்வர்த் 1907-லேயே தனி நூல் வெளியிட்டார். திருத்தப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் குஜராத்தியிலிருந்து ஆங்கிலமாக்கியபோது, இரண்டாம் பதிப்புக்காக வரி வரியாகப் பார்த்துக் கொடுத்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. தன் பெயர் வெளிவரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

எல்லாமே பிழை என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் கேலி செய்யப்பட்ட 'ப்ரீபோன்' இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது.

தாய்மொழி கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 'பை ஃப்ரைடே'யா, 'டில் ஃப்ரைடே'யா என்று தடுமாறுபவருக்குத் தமிழே விடை சொல்லும்: முன்னது வெள்ளிக்குள், பின்னது வெள்ளி வரை. வெள்ளிக்குள் சரக்கு வந்தாக வேண்டும். வெள்ளி வரை காத்திருக்கலாம். மிளகு வியாபாரியின் அடுத்த கடிதத்தில் இதுவும் மாறிவிடக் கூடாது.