அமெரிக்காவில் நர்ஸ் வேலை: பணம் கட்டும் முன் விசாவைத் தெரிஞ்சுக்கோங்க!

“ஆறே மாசத்துல அமெரிக்கா! நர்ஸ்களுக்கு ஒர்க் விசா ரெடி. முன்பணம் மட்டும் கட்டுங்க” என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்ததா? உடனே பணத்தை அனுப்பிடாதீங்க. பதிவு பெற்ற செவிலியர்களுக்கு அமெரிக்கா தரும் தற்காலிக வேலை விசாக்கள் மிகக் குறைவு. அவற்றில் எது நமக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

எச்-1பி விசா

இந்தியர்களுக்கு உள்ள முக்கிய வழி இதுதான். முதலில் 3 ஆண்டுகள், நீட்டித்தால் பொதுவாக 6 ஆண்டுகள் வரை வேலை செய்யலாம். ஆனால், நீங்கள் பி.எஸ்சி. நர்சிங் படித்திருந்தால் மட்டும் போதாது. அந்தப் பணியிடத்துக்கே பட்டப்படிப்பு கட்டாயமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இரண்டாண்டு படிப்பு முடித்தவர்களும் பதிவு பெற்ற செவிலியர் ஆகலாம் என்பதால், சாதாரண வார்டு நர்ஸ் பணிக்கு இந்த விசா பெரும்பாலும் கிடைப்பதில்லை. உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியர், செவிலியர் நிர்வாகி போன்ற பணிகளுக்கு வாய்ப்பு உண்டு.

ஆண்டு வரம்பு 85,000 மட்டுமே. விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என 2025 செப்டம்பரில் அறிவிப்பும் வந்தது.

இவை நமக்கு இல்லை

• டிஎன் விசா: பெயரைப் பார்த்து தமிழ்நாடுன்னு நினைச்சுடாதீங்க! கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டும். கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் கிடையாது.
• எச்-1பி1: சிங்கப்பூர், சிலி குடிமக்களுக்கு.
• இ-3: ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு.
• எச்-1சி: செவிலியர்களுக்கென்றே இருந்தது, 2009 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது யாராவது இதை வாங்கித் தருவதாகச் சொன்னால், அது பொய்.

அப்படியென்றால் நம்ம ஊர் நர்ஸ்கள் எப்படிப் போகிறார்கள்? பெரும்பாலானோர் போவது இபி-3 என்னும் நிரந்தரக் குடியேற்ற விசாவில். இதில் இந்தியர்களுக்குக் காத்திருப்பு பல ஆண்டுகள். ஆறு மாதக் கணக்கு இங்கே செல்லாது.

எந்த வழியில் போனாலும்

பதிவு பெற்ற செவிலியராக வேலை செய்ய என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் தேற வேண்டும். இதை இந்தியாவிலேயே எழுதலாம். படிப்பு, உரிமம், ஆங்கிலத் திறன் மூன்றையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழும் தேவை.

பணம் கொடுக்கும் முன்

1. எச்-1பி, இபி-3 இரண்டுக்கும் மனு போட வேண்டியது வேலை தரும் நிறுவனம். எந்த மருத்துவமனை, எந்தப் பணி, எந்த விசா என்பதை எழுத்தில் கேளுங்கள்.
2. ஏஜென்டின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போனிலேயே சரிபாருங்கள்.
3. உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதோடு ஜிஎஸ்டி. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட தராதீங்க.
4. சந்தேகம் வந்தால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைக் கேளுங்கள்.

நகையை அடகு வைக்கும் முன், இந்த நாலையும் ஒருமுறை பார்த்துடுங்க.