நூலும் தறியும்

தமிழிலே புத்தகத்துக்கும் இழைக்கும் ‘நூல்’ என்னும் ஒரே பெயர் வழங்கி வருகிறது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே இப்பெயருக்கு இரண்டு காரணங்கள் கூறுகிறார். பஞ்சினால் இழை ஆவதுபோலச் சொல்லினால் ஆவது நூல் என்பது ஒன்று. தச்சன் இடும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது என்பது மற்றொன்று. இன்று நான் கூறவிருப்பது ஒரு புத்தகத்தைப் பற்றியும், அதனைப் படித்து, இழையோடும் தறியோடும் வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு தச்சர் மகனைப் பற்றியுமாகும்.

முன்னேறும் வழியையும் செல்வம் சேர்க்கும் வழியையும் போதிக்கும் புத்தகங்கள் இன்று கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. இவற்றைப் படிப்பதனால் முயற்சியாண்மையும், இடர் வந்தபோது தளராத நெஞ்சுரமும் கைகூடுமா? இவ்வினாவுக்கு விடை காண, இவ்வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடியாகிய ஓர் ஆங்கில நூலின் வரலாற்றை நோக்குவோம். ‘தன்னுதவி’ என்று பொருள்படும் பெயருடைய அந்நூலை எழுதியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர்.

ஸ்மைல்ஸ் 1812இல் ஸ்கொத்லாந்திலே பிறந்தார். அவர் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1832இல், தந்தை வாந்திபேதியால் இறந்தார். தாயார் சிறு கடையொன்றை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். பின்னர் ஸ்மைல்ஸ் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே பத்திரிகாசிரியரானார். அந்நகரத்து ஏழைத் தொழிலாளர் சிலர், முன்பு வாந்திபேதி நோயாளரை வைத்திருந்த ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மாலை நேரங்களில் ஒருவருக்கொருவர் எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்தனர். 1845ஆம் ஆண்டளவில் அவர்கள் ஸ்மைல்ஸைப் பேச அழைத்தனர். அங்கே அவர் நிகழ்த்திய பேச்சுக்களே பிற்காலத்தில் நூலாயின. 1855இல் ஒரு பதிப்பாளர் அதனை ஏற்க மறுத்தார். 1859இல் வேறொருவர் வாயிலாக வெளிவந்தபோது, முதலாண்டிலேயே இருபதினாயிரம் பிரதிகள் விலைப்பட்டன.

யப்பானிய அறிஞர் நாகமுரா மசனாவோ, இங்கிலாந்திலிருந்து 1868இல் தாயகம் திரும்பியபோது, நண்பர் ஒருவர் அளித்த இந்நூலையும் உடன் கொண்டு சென்றார். அவருடைய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. அக்காலத்திலே யப்பானில் பழைய ஆட்சி வீழ்ந்து, பிறப்பினால் வந்த உயர்வு தாழ்வுகள் குலைந்துகொண்டிருந்தன. தன் முயற்சியினால் உயரலாம் என்ற செய்தியை இளைஞர்கள் ஆவலோடு வரவேற்றனர்.

அவர்களுள் ஒருவரே சாகிச்சி டொயோடா. இவர் 1867இல் ஒரு சிற்றூரிலே தச்சுத்தொழில் செய்தவருக்கு மகனாகப் பிறந்தார். ஸ்மைல்ஸின் நூலிலே நெசவு யந்திரங்களை ஆக்கியோரின் வரலாறுகள் விரிவாக உள்ளன. சாகிச்சியின் கண்முன்னே தாயார் கைத்தறியோடு வருந்திக்கொண்டிருந்தார். 1885இல் யப்பானில் புத்தாக்கங்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் பிறந்தது. 1890இல் தோக்கியோவில் நடந்த கைத்தொழிற் பொருட்காட்சிக்குச் சென்று, அங்கிருந்த யந்திரங்களை நாள்தோறும் உற்று நோக்கினார். அடுத்த ஆண்டிலேயே, ஒரு கையால் இயக்கத்தக்க மரத்தறிக்கு உரிமை பெற்றார்.

எனினும் அவருடைய வழி நேர்வழியாக அமையவில்லை. 1910இல் வியாபாரம் மந்தமாகியபோது, தம் பெயரைத் தாங்கிய கொம்பனியிலிருந்தே அவர் விலக நேர்ந்தது. அப்பொழுது வயது நாற்பத்து மூன்று. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று ஆலைகளைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மீண்டும் தொடங்கினார். 1924இல் முற்றுப்பெற்ற அவருடைய தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தாலும் தானே நின்றுவிடும். ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும். 1929இல் அதன் உரிமையை ஒரு இலட்சம் பவுணுக்குப் பெற ஒப்பந்தஞ் செய்தது, இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாற் சகோதரர் கொம்பனி. நூலைத் தந்த நாடே தறியை வாங்கியது! மகன் கிச்சிரோ தொடங்கிய மோட்டார்த் தொழிலே இன்று உலகறிந்த டொயோட்டா நிறுவனம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவதென்ன? நூல் சாகிச்சிக்குத் தறி செய்யக் கற்பிக்கவில்லை. அதனைத் தச்சுப்பட்டறையும் பொருட்காட்சியும் ஓயாத பரிசோதனையும் கற்பித்தன. எளியவன் ஒருவன் இத்தகைய செயலை எண்ணிப் பார்க்கலாம் என்ற துணிவையே நூல் அளித்தது. சட்டமும் சந்தையும் இல்லாதிருந்தால் அத்துணிவு மட்டும் போதியிருக்காது.

இத்தகைய நூல்களுக்கு ஒரு குறையும் உண்டு. வென்றவர் கதைகளையே அவை கூறுகின்றன. அவரைப் போலவே உழைத்துத் தோற்றவர்களை அவற்றில் நாம் காண்பதில்லை. பலிசி என்னும் பிரெஞ்சுக் குயவர், சூளைக்கு விறகு தீர்ந்தபோது வீட்டுத் தளபாடங்களையே எரித்த கதையை ஸ்மைல்ஸ் வியந்து கூறுகிறார். அவருடைய மனைவி மக்கள் பட்ட பாட்டையும் நாம் எண்ணுதல் வேண்டும். விடாமுயற்சிக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடையேயுள்ள எல்லையை வாசகரே ஆராய்ந்து கொள்ளவேண்டும். தமது நூலின் பெயரைக் கண்டு சிலர் அது தன்னலத்தைப் போற்றுவதாகக் கருதினர் என்று ஸ்மைல்ஸே பின்னர் வருந்தினார். ஒருவருக்கொருவர் கற்பித்த தொழிலாளரின் மண்டபத்திலன்றோ அந்நூல் பிறந்தது!

1871இல் ஸ்மைல்ஸ் பாரிசவாதத்தினால் தாக்குண்டார். எழுதும் ஆற்றலை இழந்த அவர், சிறு பிள்ளைபோல மறுபடியும் எழுதப் பழகி, 1875இல் சிக்கனம் பற்றிய நூலை வெளியிட்டார். தாம் எழுதியதைத் தாமே செய்து காட்டினார்.

ஆள்வினையுடைமைக்கும் இடுக்கணழியாமைக்கும் திருவள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். முயல்பவனுக்கு இடுக்கண் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். ஆதலின், நேயர்களே, இத்தகைய நூலொன்று கைக்கு வந்தால் இகழவும் வேண்டாம். அப்படியே நம்பவும் வேண்டாம். ஓர் அதிகாரம் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, உங்கள் கண்முன்னே வருந்துபவர் யார், அவருடைய வேலையில் எந்த இடம் அவரை வருத்துகிறது என்று பாருங்கள். சாகிச்சி தொடங்கிய இடம் அதுவே.