அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ்

அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ் என்பது பயன்பாட்டு இயற்பியலில் கிடைக்கும் புதிய முடிவுகளைக் குறுங்கட்டுரைகளாக வெளியிடும் வாராந்திர ஆய்விதழ் ஆகும். இதன் முதல் இதழ் 1962 செப்டம்பரில் வெளிவந்தது. அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தின் பதிப்புப் பிரிவு இதனை வெளியிடுகிறது. குறைக்கடத்திகள், சீரொளி, காந்தப் பொருட்கள், மீக்கடத்திகள், நானோ கட்டமைப்புகள் ஆகியவை இதில் அதிகம் இடம்பெறும் துறைகளாகும்.

பெயர்க்காரணம்

முன்னர் ஆய்வாளர்கள் அவசரமான முடிவுகளை ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதமாக எழுதி அனுப்பினர். பிசிக்கல் ரிவ்யூ இதழில் வந்த இத்தகைய கடிதங்கள் 1958 இல் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் என்ற தனி இதழாயின. பயன்பாட்டு இயற்பியலுக்கு அத்தகைய இதழ் நான்கு ஆண்டுகளுக்குப் பின் தோன்றியது. நீண்ட கட்டுரைகளுக்கு 1931 முதல் வெளிவரும் ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிசிக்ஸ் என்ற இதழ் ஏற்கெனவே இருந்தது.

விரைவின் தேவை

ஒரே கண்டுபிடிப்பைப் பல குழுக்கள் ஒரே காலத்தில் எட்டும்போது, முதலில் கண்டவர் யார் என்ற கேள்வி எழுகிறது. கட்டுரையில் அச்சிடப்படும் 'பெறப்பட்ட நாள்' இதற்கு முக்கியச் சான்றாகும். 1962 இல் குறைக்கடத்திச் சீரொளியை அமெரிக்காவின் நான்கு குழுக்கள் சில வார இடைவெளியில் உருவாக்கின. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹால் குழுவின் கட்டுரை பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. ஐ.பி.எம். குழு, நிக் ஹோலோன்யாக் குழு, லிங்கன் ஆய்வகக் குழு ஆகிய மூன்றின் கட்டுரைகளும் அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸின் முதல் தொகுதியிலேயே வெளியாயின.

குறுங்கட்டுரையின் அமைப்பு

குறுங்கட்டுரை என்பது நீண்ட கட்டுரையின் சுருக்கம் அன்று. அது ஒரு முடிவை மட்டும் கூறி, அதற்குப் போதிய சான்று தருகிறது. பொதுவாக அதில் பின்வருவன இருக்கும்:

• முடிவையும் முக்கிய அளவீட்டையும் சொல்லும் சுருக்கவுரை.
• இதுவரை அறியப்பட்டது எது, இக்கட்டுரையில் புதியது எது என்பதைக் காட்டும் ஒன்றிரண்டு பத்திகள்.
• பிறர் அதே சோதனையைச் செய்து பார்க்கத் தேவையான செய்முறை விவரம்.
• சில படங்கள். இவையும் நீளக் கணக்கில் சேர்வதால், முடிவுக்குச் சான்றாகாத படம் நீக்கப்படும்.

கூடுதல் தரவுகளைத் துணைக்கோப்பாக இணைக்கலாம். ஆனால் முக்கியச் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மதிப்பாய்வு

பெறப்பட்ட கட்டுரையை முதலில் இதழாசிரியர் பார்க்கிறார். புதுமை இல்லாதவை, துறைக்குப் பொருந்தாதவை ஆகியன இந்நிலையிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. மற்றவை அத்துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்குச் செல்கின்றன. அவர்கள் எழுப்பும் ஒவ்வொரு கேள்விக்கும் எழுதியவர்கள் விடை அளித்து, கட்டுரையைத் திருத்தி அனுப்புவர். விரைவு நோக்கமாக இருந்தாலும் மதிப்பாய்வு தவிர்க்கப்படுவதில்லை.

குறிப்பிடத்தக்க கட்டுரைகள்

பின்வரும் மூன்றும் மூன்று பக்க அளவிலான கட்டுரைகள்.

• 1982: சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தின் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் குழுவினர், ஊசிமுனைக்கும் உலோகப் பரப்புக்கும் இடையே உள்ள வெற்றிட இடைவெளியைக் கட்டுப்படுத்தி, அதன் வழியே பாயும் ஊடுருவு மின்னோட்டத்தை அளந்தனர். பரப்பின் படங்கள் பின்னர் வேறொரு கட்டுரையில் வந்தன. வருடி ஊடுருவு நுண்ணோக்கியை வடிவமைத்ததற்காக இவ்விருவரும் 1986 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.
• 1986: நகோயா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி அமானோ, இசாமு அகசாகி குழுவினர், நீலக்கல்லின் மீது அலுமினியம் நைட்ரைடு இடைப்படலம் இட்டுத் தரமான காலியம் நைட்ரைடு படலத்தை வளர்த்தனர். நீல ஒளியுமிழ் இருமுனையத்துக்கு இது அடிப்படையாயிற்று. அதற்கான 2014 நோபல் பரிசை இவ்விருவரும் சுஜி நாகமுராவும் பெற்றனர்.
• 1987: கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர், 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கரிம ஒளியுமிழ் இருமுனையத்தை விவரித்தனர். இன்றைய கைப்பேசித் திரைகள் பல இவ்வழியில் வந்தவை.

குறைகள்

இடம் குறைவாக இருப்பதால் செய்முறை விவரம் சுருங்கி, பிறர் அச்சோதனையை மீண்டும் செய்ய முடியாமல் போகலாம். வெளியீடுகளின் எண்ணிக்கையை உயர்த்த, ஒரே ஆய்வைப் பல துண்டுகளாக்கி அனுப்பும் பழக்கமும் உண்டு. ஒரு முடிவு தனியே நின்று பொருள் தருமானால் அது குறுங்கட்டுரைக்கு ஏற்றது. அடுத்த கட்டுரையைப் படித்தால்தான் அது விளங்கும் என்றால் நீண்ட கட்டுரையாக எழுதுவதே முறையாகும்.