அலையின் முதுகில் ஓர் இன்ஜின்

பழவேற்காட்டுப் படகுக்காரர் இன்ஜினைக் கிளப்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் ஒரு சிறு நெம்புகோலைத் தூக்குகிறார். சிலிண்டரின் வால்வு லேசாகத் திறந்து, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழி கிடைக்கிறது. எதிர்ப்பு குறைந்ததும் கைவிசையிலேயே சக்கரம் வேகம் பிடிக்கிறது. சரியான நொடியில் நெம்புகோலை விடுகிறார். வால்வு மூடிக்கொள்ள, சுழலும் சக்கரத்தின் உந்தம் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல், தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்கிறது.

ஒற்றைச் சிலிண்டர், ஏறத்தாழ 10 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 25 முறை வெடிக்கும். தேய்மானமும் புகைக்குழாயின் நீளமும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறுவதால் அவற்றின் சத்தமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழகிய காது அதை வைத்தே எந்தப் படகு என்று சொல்லிவிடும்.

இந்த வகை இன்ஜினை ஆட்டோரிக்‌ஷாக்களிலும் பார்க்கலாம். அதில் ஆள் உயரத்தை மிஞ்சும் தண்டை மாட்டி, நுனியில் புரொப்பல்லரை வைத்தால் ‘லாங் டெயில்’. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அது கடலோடு சேரும் முகத்துவாரமோ அடிக்கடி மணல் மூடிப்போகிறது. மேடு தட்டும்போது இன்ஜினைச் சாய்த்தால் போதும், புரொப்பல்லர் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும்.

முகத்துவாரத்தில்தான் இன்ஜினின் அருமை தெரியும். ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறையும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய 8 மீட்டர் படகு சிரமமின்றிப் போகும் வேகமும் 12 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆகவே கரை திரும்பும் படகு, முன்னே போகும் அலையின் முதுகைப் பிடித்தபடியே வந்துவிடலாம். அதை முந்தினால் மூக்கு குத்தும். பிந்தினால் பின்னால் வரும் அலை மேலே உடையும். அந்தச் சில நொடிகள் இன்ஜின் நின்றுவிடாமல் ஓடினால்தான் உயிர் கரை சேரும்.

பிறகு இன்னும் திறன் வேண்டும் என்ற ஆசை வராமலா இருக்கும்? 1930களில் கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் பாரத்தைக் கழற்றி, இன்ஜினை முடுக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் பறக்கவிட்டார்கள். ‘ஹாட் ராட்’ பிறந்தது அப்படித்தான். தரையில் பலித்த அந்த ஆசைக்குத் தண்ணீர் எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஓடும் படகு தானே அலை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை அதையே பின்னுக்கு இழுக்கிறது. 1872இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இதை ஆராய்ந்தவர் வில்லியம் ஃப்ரூட். வேகத்தை இரட்டிப்பாக்கக் குறைந்தது எட்டு மடங்கு திறன் வேண்டும். 10 குதிரைத்திறனை 20 ஆக்கினாலும் வேகம் கால்வாசி கூடினாலே அதிகம்; டீசல் செலவோ ஏறக்குறைய இரட்டிப்பு.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 640 டன் எடையுள்ள எல்விஎம்-3 ராக்கெட் கிளம்பும்போது பழவேற்காட்டுக் குப்பங்கள் அண்ணாந்து பார்க்கின்றன. ராக்கெட் வாயுவைப் பின்னே தள்ளி மேலே போகிறது. புரொப்பல்லர் தண்ணீரைப் பின்னே தள்ளி முன்னே போகிறது. இரண்டுக்கும் நியூட்டனின் ஒரே விதிதான். ஆனால் ராக்கெட்டின் மேல் வருவது வியப்பு. இன்ஜினின் மேல் வருவது பாசம். சத்தம் மாறினால் காரணம் தெரிந்து, கையாலேயே பிரித்து மாட்டி, ஆபத்தான நேரத்தில் நம்பி ஏறும் இயந்திரத்தின் மேல் வரும் பாசம் அது. வெப்பம், உந்தம், அலை, எதிர்விசை என்று இயற்பியல் புத்தகத்தின் பாதி அந்த ஒரு படகில் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைப் படகிலிருந்தே தொடங்கலாம். சொல்லித் தரத் தகுதியானவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.